கண்ணில்லாத துள்ளுவாலியும் ஒரு வரிப் பதிவும்

இந்த முறை மனிதர்களைப் பற்றி எழுதாமல் ஒரு பூச்சியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத மறுபடியும் மனிதர்களே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் மாடியில் இருக்கும் பூந்தொட்டி ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் கோத்த இடத்தில் வெள்ளை ரவை சிந்தியது போல இருக்கும். விரலை அருகில் கொண்டுபோனால் அந்த ரவை துள்ளும். உடனே நம் வீட்டில் என்ன செய்வோம்? மருந்து அடிப்போம், அல்லது வெந்நீரை ஊற்றுவோம். பாவம், அது கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. உதிர்ந்த இலையையும் பூஞ்சையையும் தின்று மண்ணுக்கு உரமாக்கிக் கொடுக்கும் ஜீவன் அது. குளியலறைச் சுவரோரம் தென்பட்டால் அங்கே எங்கோ தண்ணீர் கசிகிறது என்று பொருள். கசிவை அடைத்தால் அதுவும் போய்விடும்.

ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்கிறார்கள். பிரெஞ்சில் கொலாம்பொல். இந்தக் கட்டுரை முழுவதும் 'துள்ளுவாலி' என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான். வயிற்றின் அடியில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த ஓர் உறுப்பு மடங்கி, சின்னக் கொக்கி ஒன்றில் மாட்டியிருக்கும். ஆபத்து வந்தால் கொக்கி விடுபட்டு, கவட்டை தரையை உதைக்கும், ஆள் மாயம். மண்ணின் ஆழத்திலேயே வாழும் பல வகைகளுக்கு இந்தக் கவட்டை சுருங்கிப்போயிருக்கும், சிலவற்றுக்கு அறவே கிடையாது. அந்த இடுக்கில் எங்கே துள்ளுவது?

ஆறு கால் இருந்தாலும் இப்போது இதைப் பூச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாயுறுப்புகள் தலைக்கு உள்ளேயே பொதிந்திருப்பதால் தனிக் கூட்டமாக வைத்திருக்கிறார்கள். உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை 9,000 வகைகளுக்கு மேல். நல்ல காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்தாயிரக்கணக்கில் இருக்கும். சில இடங்களில் 1 லட்சம் வரை போகும். நாம் ஒரு பாய் விரித்துப் படுத்தால், அந்தப் பாய்க்கு அடியில் ஒரு நகரத்தின் ஜனத்தொகை இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு பெரிய ஜனத்தொகைக்கு முதலில் பதிவேடு எழுதியவர்கள் யார்?

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, இவற்றைப் 'பொடுரா' என்று ஒரே பெயரில் அடக்கினார். வாலே காலாக உள்ளது என்று அர்த்தம். அதன்பிறகு நெடுநாள் இது யாருக்கும் பிழைப்புத் தரும் படிப்பாக இருக்கவில்லை. சோறு போடும் வேலை ஒன்று வேறாக இருக்க, மிச்ச நேரத்தில் குனிந்து மண்ணைப் பார்த்தவர்கள்தான் இதன் வரலாற்றை எழுதினார்கள்.

1839-இல் வட பிரான்சில் ஆபே பூர்லே என்ற பாதிரியார் இவற்றைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். உடம்பெல்லாம் மெல்லிய செதில் போர்த்திய ஒரு வகைக்கு அவர் சூட்டிய 'லெபிடோசிர்ட்டஸ்' என்ற பெயர் இன்றும் மாறாமல் நிற்கிறது. அடுத்து சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் ஊரில் எர்கூல் நிகோலே. இவர் கல்லச்சுக்காரர். ஆல்ப்ஸ் பனியாறுகளை ஆராய்ந்த லூயி அகாசிஸ் என்ற பேராசிரியரின் புத்தகங்களுக்குப் படம் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அகாசிஸின் கூட்டாளி எதுவார் தெசோர், பனியாற்றின் மேலேயே கறுப்புப் புள்ளிகளாகத் துள்ளும் ஜீவன்களைக் கண்டார். பனிக்கட்டி மேல் வாழ்கிற பிராணியா என்று எல்லோருக்கும் வியப்பு. நிகோலே அதை ஆராய்ந்து, கண்டவரின் பெயரையே சேர்த்து 1841-இல் 'தெசோரியா' என்று பெயர் வைத்தார். மறு வருடமே துள்ளுவாலிகளைப் பற்றித் தனி நூலும் கொண்டுவந்தார்.

இன்று நாம் சொல்லும் 'கொலம்போலா' என்ற பெயரைத் தந்தவர் லண்டன் வங்கிக்காரர் ஜான் லப்பக். இவர் சிறுவனாக இருந்தபோது தகப்பனார், "உனக்கொரு நல்ல செய்தி இருக்கிறது" என்றாராம். பையன் தனக்குக் குட்டிக்குதிரை வாங்கித் தரப்போகிறார் என்று நினைத்தான். செய்தி என்னவென்றால், சார்லஸ் டார்வின் பக்கத்தில் குடிவரப் போகிறார் என்பதுதான்! பையனுக்கு ஏமாற்றம். ஆனால் வளர வளர அந்த அண்டை வீட்டுக்காரர்தான் அவருக்கு ஆசான். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக் குடும்ப வங்கியில் உட்காரவைத்தார்கள். வங்கி வேலை, பிறகு பாராளுமன்றம், இவற்றுக்கு நடுவே பூதக்கண்ணாடி. 1871-இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வரக் காரணமானவரும் இவரே. நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள் இவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1873-இல் வெளியான லப்பக்கின் பெரிய நூலில்தான் 'கொலம்போலா' என்ற பெயர் நிலைபெற்றது. கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை, 'எம்போலோன்' என்றால் முளை. இவற்றின் வயிற்றில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் ஒட்டிக்கொள்கின்றன என்று அவர் நினைத்தார். அந்தக் குழாயின் முக்கிய வேலை ஈரத்தை உறிஞ்சுவதும் உடம்பின் நீர்ச்சத்தைக் காப்பதும் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். எங்களைப் போல பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் எளிதாக மனசில் நிற்கும். கிழிந்த நோட்டை ஒட்டும் பசைக்கும் 'கொல்' தான், குறும்பு செய்தவனை வகுப்பு விட்ட பிறகும் பெஞ்சில் உட்காரவைக்கும் தண்டனைக்கும் 'கொல்' தான்.

இதுவரை சொன்னது வெளிச்சத்தில் நடந்த கதை. இனி குகைக்குள் போவோம்.

இன்றைய ஸ்லோவேனியாவில் போஸ்தோய்னா என்ற பெரிய குகை இருக்கிறது. 1831-இல் அங்கே விளக்கேற்றும் வேலை பார்த்த லூகா செச் என்ற தொழிலாளி, கண்ணே இல்லாத விசித்திர வண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். இருட்டுக் குகையில் உயிர்கள் இருக்கின்றனவா என்று படித்தவர்கள் திரும்பிப் பார்த்தது அந்த வண்டினால்தான். பிறகு ஒவ்வொரு குகையாக ஆராய்ந்தபோது துள்ளுவாலிகளும் அகப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் குகையில் வாழ்ந்தவற்றுக்கு நிறம் போய் வெளுத்திருந்தது. கண் குறைந்தோ இல்லாமலோ இருந்தது. பலவற்றுக்கு உணர்கொம்பும் கால் நகமும் நீண்டிருந்தன. வௌவால் எச்சமும், மேலே காட்டிலிருந்து சொட்டுநீரோடு இறங்கி வரும் மக்கும், அதில் வளரும் பூஞ்சையுமே ஆகாரம். குகையில் செடி கொடி கிடையாது. வெளியிலிருந்து வரும் இந்தக் கொஞ்சத்தைத் தின்று உயிர்க்கூட்டத்தை நடத்துவதில் துள்ளுவாலிக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற வேட்டைப் பிராணிகளுக்கு அதுவே இரையும்கூட.

இந்த இடத்தில் ஒரு கப்பல் வருகிறது. குகைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். 1897-இல் பெல்ஜியத்தின் ஆன்வெர்ஸ் துறைமுகத்திலிருந்து 'பெல்ஜிக்கா' என்ற கப்பல் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டது. தலைவர் அத்ரியன் தெ ழெர்லாஷ். கப்பலில் இயற்கை ஆராய்ச்சியாளராகப் போனவர் எமில் ரக்கோவிட்சா என்ற ருமேனியர். பாரீசில் முதலில் சட்டம் படித்து, பிறகு விலங்கியலுக்கு மாறியவர். 1898-இல் கப்பல் கடல் பனியில் மாட்டிக்கொண்டது. ஓராண்டுக்கு மேல் அசைய முடியவில்லை. வாரக்கணக்கில் சூரியனையே காணாத இருட்டு, சொறிகரப்பான் நோய், உயிர்ச்சேதம். அப்படிப்பட்ட பயணத்தில் அகப்பட்டதையெல்லாம் குப்பியில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்தார் ரக்கோவிட்சா. 1899-இல் கப்பல் ஊர் திரும்பியது.

அந்தச் சேகரிப்பில் இருந்த துள்ளுவாலிகள் ஆய்வுக்காக விக்டர் வில்லெம் என்ற பெல்ஜிய விலங்கியலாளரிடம் போயின. அவர் 1901-இல் 'கிரிப்டோபைகஸ் அண்டார்க்டிகஸ்' என்று ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். தென்துருவத்தின் பாசித் திட்டுகளில் வாழும் உயிர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

துருவத்துப் பூச்சிக்குப் பெயர் வைத்த கையோடு வில்லெம் தன் நாட்டின் இரண்டு குகைகளையும் பார்த்தார். ஆன், ரோஷ்ஃபோர் என்று பெயர். ஆன் குகையில் லெஸ் என்ற ஆறு மலைக்குள் புகுந்து மறைந்து, அந்தப் பக்கம் வெளியே வரும். அந்த இருட்டில் கிடைத்த துள்ளுவாலிகளைப் பற்றி 1902-இல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். அதில் கண்ணில்லாத, வெள்ளை வெளேரென்ற ஒன்றுக்கு 'ஃபொல்சோமியா கேண்டிடா' என்று பெயர். கேண்டிடா என்றால் வெள்ளை. பூச்சியியல் சங்கம் ஒன்றின் ஏட்டில் சில பக்கங்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

ரக்கோவிட்சாவின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1904-இல் அவர் மயோர்க்கா தீவின் குகை ஏரி ஒன்றில் கண்ணில்லாத சிறு நீர்ப்பிராணியைக் கண்டார். அன்றோடு கடலை விட்டுக் குகைக்கு மாறிவிட்டார். 1907-இல் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய கட்டுரைதான் குகை உயிரியல் என்ற துறைக்கே அஸ்திவாரம். ரெனே ழானெல் என்ற பிரெஞ்சு அறிஞரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான குகைகளின் உயிர்களைப் பதிவு செய்தார். 1920-இல் ருமேனியாவின் குளுஜ் நகரில் குகை ஆய்வுக்கென்றே உலகின் முதல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1912-இல் இம்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியா, பர்மா, இலங்கைத் துள்ளுவாலிகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு செய்தி. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்து வேலிச் சுவர்களில், சக்கிமுக்கிக் கல் போன்ற ஒருவகைக் கல்லை வில்லியம் மேக்கி என்ற டாக்டர் கவனித்தார். வெந்நீர் ஊற்றின் சிலிக்கா படிந்து, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளும் சிற்றுயிர்களும் அப்படியே கல்லாகிப்போன இடம் அது. அந்தக் கல்லில் இருந்த சிறு பிராணி ஒன்றுக்கு 1926-இல் 'ரைனியெல்லா' என்று பெயர் வைத்தவர்கள் இருவர். ஒருவர் ஹர்ஸ்ட். மற்றவர் லண்டன் அருங்காட்சியகத்தில் வண்டுகளை ஆராய்ந்த நம் நாட்டு சமரேந்திர மௌலிக். அவர்கள் அதை ஏதோ பூச்சியின் இளம்பருவம் என்று எண்ணினார்கள். இரண்டு வருடம் கழித்து டில்யார்ட் என்பவர் அது துள்ளுவாலி என்று அடையாளம் கண்டார். 1981-இல் மேலும் மாதிரிகளை வைத்து அதை உறுதி செய்தார்கள். டைனசோர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே தரையில் துள்ளுவாலி இருந்திருக்கிறது.

சரி, 1902-இன் அந்த வெள்ளைப் பூச்சிக்கு வருவோம்.

ஃபொல்சோமியா கேண்டிடாவை வளர்ப்பது மிக எளிது. ஈரமான கிண்ணமும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போதும். பெரும்பாலும் எல்லாமே பெண்தான். உடம்புக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவினால், ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும். உலகெங்கும், பூந்தொட்டியில்கூட, பரவியிருக்கிறது. ஆகவே பூச்சிமருந்தும் ஆலைக்கழிவும் மண்ணை எவ்வளவு கெடுக்கின்றன என்று அளக்க வேண்டிய காலம் வந்தபோது, ஆராய்ச்சிக்கூடங்கள் இதைத் தேர்ந்தெடுத்தன. 1999-இல் சர்வதேசத் தர அமைப்பு இதற்கென்றே ஒரு சோதனை முறையை வெளியிட்டது. அதன் எண் 11267. சந்தேகப்படும் மண்ணில் 30 கிராம் எடுத்து, பிறந்து 10 முதல் 12 நாளான குஞ்சுகள் பத்தை விடுவார்கள். 28 நாள் கழித்து மண்ணில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் மேலே மிதக்கும். கறுப்பு மையைச் சில சொட்டு விட்டால் வெள்ளைப் பூச்சிகள் பளிச்சென்று தெரியும். எத்தனை பிழைத்தன, எத்தனை குட்டி போட்டன என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மண்ணில் விஷம்.

எண்ணிக்கை கூடினால் மட்டும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 1950-களில் இங்கிலாந்து வயல்களில் டிடிடி தெளித்த இடத்தில் துள்ளுவாலிகள் பெருகின. மருந்து உரமாகிவிட்டதா என்று பார்த்தால், அவற்றைப் பிடித்துத் தின்னும் சிலந்தி இனத்து உண்ணிகள் மருந்தில் செத்துப்போயிருந்தன. போலீஸ் இல்லாத ஊரில் கூட்டம் சேர்ந்தது போல. நம் வயல்களில் ஐம்பது வருடமாகக் கொட்டிய மருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கு மேலே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியும். கீழே நடப்பதைச் சொல்ல இந்தக் கண்ணில்லாத சாட்சிதான் இருக்கிறது.

என் உத்தியோக காலத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டும் வேலை எனக்கு நிறைய இருந்தது. எங்கள் புதுச்சேரியில் 'எத்தா சிவில்' என்று பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகள் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே உண்டு. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை யாருக்கு, யாருக்கு இல்லை என்ற கேள்வி வந்தபோது, தாத்தாவின் பிறப்பைக் குறித்த ஒரு வரியைத் தேடிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்த வரியை எழுதிய குமாஸ்தா, நூறு வருடம் கழித்து இது ஒருவருக்கு பென்ஷனும் பாஸ்போர்ட்டும் தரும் என்று நினைத்து எழுதியிருப்பாரா? அவர் வேலை எழுதுவது, தேதியும் ஊரும் பிழையில்லாமல் எழுதினார். வில்லெம் எழுதிய குறிப்பும் அப்படித்தான். எந்தக் குகை, எந்த ஜீவன், எப்படி இருந்தது என்று ஒழுங்காக எழுதி வைத்ததால்தான், கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து உலகத்தின் ஆராய்ச்சிக்கூடங்களெல்லாம் ஒரே பூச்சியை ஒரே பெயரால் அழைத்து மண்ணைச் சோதிக்க முடிகிறது. 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று அன்றைக்கே கேட்டு நிறுத்தியிருந்தால் இந்தச் சாட்சி நமக்குக் கிடைத்திருக்காது.

பதிவேடு இன்னும் மூடப்படவில்லை. கருங்கடல் பக்கம் அப்காசியாவில் குருபேரா என்ற குகை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 2010-இல் அதற்குள் இறங்கிய ஆய்வாளர்கள் 1,980 மீட்டர் ஆழத்தில் ஒரு துள்ளுவாலியைக் கண்டார்கள். 2012-இல் அதற்கு 'புளூடோமூரஸ்' என்று தொடங்கும் பெயரைப் பதிந்தார்கள். அவ்வளவு ஆழத்தில் தரைவாழ் கணுக்காலி எதையும் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

குகைக்குப் போக நமக்கு முட்டி இடம் கொடுக்காது. மண்ணில் பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. இத்தாலியர் பெர்லேசே 1905-இல் கண்டுபிடித்ததை, 1918-இல் ஸ்வீடன்காரர் துல்கிரேன் மின்விளக்கு வைத்துத் திருத்திய முறை. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல வையுங்கள். வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் மக்கிய இலையும் மண்ணுமாக ஒரு கைப்பிடி போடுங்கள். கீழே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். மேலே பழைய குண்டு பல்பு ஒன்றை, இலை கருகாத உயரத்தில், ஒரு நாள் எரியவிடுங்கள். மேலிருந்து காய்ந்துகொண்டே வர, ஈரம் தேடி உள்ளே இருப்பவை இறங்கிக் கீழே விழும். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்து, எண்ணச் சொல்லுங்கள். மாமரத்தடி மண்ணில் எத்தனை, மருந்து அடித்த ரோஜாத் தொட்டியில் எத்தனை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் அந்தத் தண்ணீரை மறுபடி மரத்தடியிலேயே ஊற்றிவிடலாம்.